பேதியை வென்ற உப்பு - சர்க்கரைத் தண்ணீர்!

"நீ பேதியில் போக!"

கிராமங்களில் கோபம் வந்தால் பாட்டிமார்கள் இப்படித் திட்டுவார்கள். இன்று அதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு காலத்தில் அது சிரிப்பு அல்ல, சாபம்!

காலையில் ஏர் பூட்டி வயலுக்குப் போனவர், மறுநாள் காலையில் பாடையில் போவார். வாந்தி பேதி வந்தால் அவ்வளவுதான். ஒரு வீட்டில் புகுந்தால் தெரு முழுவதும் பரவும். பிணத்தைத் தூக்க ஆள் கிடைக்காது.

அந்த நோய்க்குப் பெயர், காலரா.

அந்தக் கொடிய காலராவிலும், குழந்தைகளுக்கு வரும் சாதாரண வயிற்றுப்போக்கிலும் உயிரைக் காப்பாற்றும் பொருள்கள் உங்கள் சமையல் அறையிலேயே இருக்கின்றன. ஒரு டப்பாவில் உப்பு. ஒரு டப்பாவில் சர்க்கரை. பானையில் தண்ணீர்.

அவ்வளவுதானா? அவ்வளவுதான்!

ஆனால், இந்த மூன்றையும் சரியான அளவில் கலந்து குடிக்கக் கொடுத்தால் போதும் என்பதை நிரூபிக்க, டாக்டர்களுக்கு 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஏன் அத்தனை காலம்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் நம் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கவேண்டும்.

தினமும் 9 லிட்டர்!

தண்ணீர், காப்பி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து, ஒரு நாளைக்கு நாம் குடிப்பது சுமார் 2 லிட்டர் இருக்கும்.

ஆனால் குடலுக்குள் போவது அது மட்டும் அல்ல. வாயில் உமிழ்நீர் ஊறுகிறது. அது ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். இரைப்பை தன் பங்குக்கு 2 லிட்டருக்கு மேல் சுரக்கிறது. ஈரலில் இருந்து பித்த நீர் வருகிறது. கணையத்தில் இருந்து கணைய நீர் வருகிறது. குடலும் சும்மா இருப்பது இல்லை. அதுவும் சுரக்கிறது.

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 9 லிட்டர் தண்ணீர், குடலுக்குள் இறங்குகிறது!

மலத்தோடு வெளியே போகும் தண்ணீர் எவ்வளவு? கால் லிட்டர் கூட இல்லை.

மிச்சம் எங்கே போகிறது? அத்தனையையும் குடல் உறிஞ்சி, திரும்ப ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. இதில் பெரும் பகுதி வேலையைச் செய்வது சிறுகுடல். பெருங்குடல் கடைசியில் ஒட்டிக்கொண்டு இருப்பதை உறிஞ்சும்.

சிறுகுடல் என்று பெயர்தான் சிறிது. அதன் நீளம் சுமார் 20 அடி. பருமன் குறைவு என்பதால் அந்தப் பெயர். பாம்பு சுருண்டு கிடப்பது போல், வயிற்றுக்குள் மடிந்து மடிந்து கிடக்கிறது.

அதன் உட்புறம் வழுவழுப்பாக இருக்காது. குளித்துவிட்டுத் துடைக்கும் பூந்துவாலையைப் பார்த்து இருப்பீர்கள். நூல் நூலாக நீட்டிக்கொண்டு இருக்கும். அதனால்தான் அது தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது. சிறுகுடலின் உட்புறமும் அப்படித்தான். லட்சக்கணக்கான நுண்ணிய முளைகள். "குடல் உறிஞ்சிகள்" என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்து இருக்கலாம். சாப்பாட்டின் சத்தும், தண்ணீரும் அவற்றின் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். தண்ணீர் தானாக உள்ளே போகாது. உப்பு எங்கே போகிறதோ, அங்கே தண்ணீர் போகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைப் பாருங்கள். காற்றில் உள்ள ஈரத்தைக் கூட இழுத்துக் கசிந்துவிடும். குடலிலும் அதே கதைதான். உப்பு ரத்தத்துக்குள் போனால், தண்ணீரும் அதன் பின்னாலேயே போகும். உப்பு குடலுக்குள் வந்தால், தண்ணீரும் குடலுக்குள் வந்துவிடும்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிருமி செய்யும் வேலை

காலராக் கிருமி, கமா வடிவத்தில் வளைந்து இருக்கும். ஜெர்மனி டாக்டர் ராபர்ட் காக், கல்கத்தாவுக்கு வந்து, 1884-ம் ஆண்டு நோயாளிகளின் குடலிலும், ஜனங்கள் புழங்கிய குளத்துத் தண்ணீரிலும் அதைக் கண்டார். கெட்ட தண்ணீர் வழியாகவே இந்த நோய் பரவுகிறது என்பதை அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, 1854-ல், லண்டன் டாக்டர் ஜான் ஸ்நோ ஒரு தெருக் குழாயைக் காட்டி விளக்கி இருந்தார்.

சரி, அந்தக் கிருமி உள்ளே போய் என்ன செய்கிறது?

குடலைக் கடித்துத் தின்கிறது, அரித்துப் புண்ணாக்குகிறது என்றுதான் வெகு காலம் நினைத்தார்கள். அது தவறு.

உண்மையைக் கண்டுபிடித்தவர் ஒரு வங்காளி டாக்டர். பெயர் சம்பு நாத் டே. கல்கத்தாவில், முயலின் குடலை வைத்து அவர் சோதனை செய்தார். கிருமிகளை வளர்த்தார். பிறகு கிருமிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, அவை மிதந்த நீரை மட்டும் முயலின் குடலுக்குள் செலுத்தினார். கிருமியே இல்லாத அந்த நீரைக் கண்டும் குடலில் தண்ணீர் பெருகியது! கிருமி ஒரு நஞ்சைக் கக்குகிறது, அந்த நஞ்சே வேலை செய்கிறது என்று 1959-ல் எழுதினார்.

எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! ஆனால் 1985-ல் இறக்கும்வரை அவருக்குப் பெரிய பட்டமோ பரிசோ கிடைக்கவில்லை. நம் நாட்டில் இப்படி நடப்பது புதிது அல்ல.

அந்த நஞ்சு குடல் சுவரைக் கிழிப்பது இல்லை. குழாயைத் திறந்துவிட்டு, அதன் திருகை உடைத்து எறிந்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்கிறது. உடம்பில் உள்ள உப்பு, குடலுக்குள் கொட்டுகிறது. உப்பின் பின்னால் தண்ணீரும் கொட்டுகிறது. யாராலும் மூட முடியாது.

அரிசி கழுவிய நீர்

காலரா கண்டவனுக்கு மலம் போவது இல்லை. தண்ணீராகவே போகும். அரிசி கழுவிய கழுநீர் போல் வெளுத்து இருக்கும். நோய் கடுமையானால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் கூடப் போகும்.

60 கிலோ எடை உள்ள ஒருவரின் உடம்பில், சுமார் 36 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் 6 லிட்டர் போனால் உயிருக்கு ஆபத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் தொடங்கினால், மாலைக்குள் முடிந்துவிடும்!

கண் குழி விழும். நாக்கு உலரும். கை விரல்கள் வெகு நேரம் தண்ணீரில் ஊறியது போல் சுருங்கும். தோலைக் கிள்ளி விட்டால், மடிப்பு அப்படியே நிற்கும். கெண்டைக்கால் தசை இழுக்கும். குரல் கம்மும். ரத்தம் கெட்டியாகிவிடும். நாடி பிடித்தால் கிடைக்காது. சிறுநீர் நின்றுவிடும்.

குழந்தைகளின் கதி இன்னும் மோசம். 10 கிலோ எடை உள்ள குழந்தைக்கு ஒரு லிட்டர் போனாலே ஆபத்து. அதற்குக் காலராதான் வரவேண்டும் என்பது இல்லை. சாதாரண வயிற்றுப்போக்கே போதும்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. குடலின் உள்தோல் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதிதாக முளைக்கிறது. நஞ்சு பட்ட தோல் உதிர்ந்துவிட்டால், பேதி தானாகவே நின்றுவிடும். அந்தச் சில நாள்கள் நோயாளியின் உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும், அவர் பிழைத்துக்கொள்வார்!

ஆகவே நோயாளி சாவது கிருமியால் அல்ல, தண்ணீர் வற்றுவதால்.

"தண்ணீர் கொடுக்காதே!"

இது தெரியாமல் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? தண்ணீராகப் போகிறது, தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகம் போகும் என்று நினைத்து, தாகத்தால் துடிக்கும் நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்க மறுத்தார்கள். நம் வீடுகளில் இன்றும் சில பெரியவர்கள் அப்படிச் சொல்வது உண்டு. ஐரோப்பாவில் இதற்கும் மேலே போனார்கள். ஏற்கனவே ரத்தம் சுண்டிப்போனவனின் கையைக் கீறி, ரத்தத்தை வேறு வடித்தார்கள்!

1832-ல், ஸ்காட்லாந்து நாட்டில் தாமஸ் லட்டா என்று ஒரு டாக்டர் இருந்தார். உப்புத் தண்ணீரை நேரே ரத்தக் குழாய்க்குள் ஏற்றிப் பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

முதலில் ஒரு வயதான பெண்மணிக்கு ஏற்றினார். அவள் சாகும் தறுவாயில் இருந்தாள். உப்புத் தண்ணீர் ஏற ஏற, குழிந்த கண் தெளிந்தது. நின்ற நாடி ஓடியது. முகத்தில் களை வந்தது. அவள் தேறிவிட்டாள் என்று நம்பி டாக்டர் ஓய்வெடுக்கப் போனார். பேதி மறுபடி தொடங்கியது. மறுபடி தண்ணீர் ஏற்றவில்லை. சில மணி நேரத்தில் அவள் இறந்துபோனாள்.

வழி சரியானது. ஆனால் விடாமல் ஏற்ற வேண்டும். லட்டா அடுத்த ஆண்டே இறந்தார். அவர் காட்டிய வழியும் வெகு காலம் மறந்துபோயிற்று.

20-ம் நூற்றாண்டில் அது திரும்ப வந்தது. "சலைன் ஏற்றுவது" என்று நாம் சொல்கிறோமே, அதுதான் இது. காலராச் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதற்கு என்னென்ன வேண்டும்? கிருமி இல்லாத சலைன் பாட்டில். ரப்பர் குழாய். ஊசி. ரத்தக் குழாயைத் தேடிக் குத்தத் தெரிந்த ஒருவர். படுக்கை. ஆஸ்பத்திரி.

காலரா வருவது இவை எல்லாம் இல்லாத ஊரில்தானே?

வாயால் குடிக்கக் கொடுத்தால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். வெறும் தண்ணீர் கொடுத்தார்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தது எல்லாம் அப்படியே வெளியே போனது. குடல் அதை உறிஞ்சவில்லை.

மூன்றாவது வாசல்

கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி, உப்போடு குளுக்கோசையும் கலந்து கொடுத்துப் பார்த்தார். குளுக்கோஸ் என்பது சர்க்கரையின் எளிய வடிவம். கூடவே வாந்தியை நிறுத்த ஒரு மருந்து. பேதியைக் கட்ட, நம் வீட்டுக் கற்பூரவல்லி இனத்தைச் சேர்ந்த ஓர் இலையின் சாறு. இப்படி 186 பேருக்கு வைத்தியம் செய்தார். நோய் மிகக் கடுமை ஆகாதவர்கள் அவர்கள். பிழைத்துக்கொண்டார்கள்.

1953-ல் லண்டன் மருத்துவப் பத்திரிகை ஒன்று அவருடைய கட்டுரையை வெளியிட்டது. ஆனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. உள்ளே போன நீர் எவ்வளவு, வெளியே வந்த நீர் எவ்வளவு என்ற கணக்கு இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். சர்க்கரை சேர்த்தால் ஏன் வேலை செய்கிறது என்பதும் அப்போது விளங்கவில்லை.

அது விளங்கியது 1960-ல். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன், பிராக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் அதைச் சொன்னார்.

குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. தனியாக வந்தால் அது திறக்காது. சர்க்கரை தனியாக வந்தாலும் திறக்காது. உப்பு தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டும் சேர்ந்து ஜோடியாக வந்தால்தான் திறக்கும்! உப்பில் உள்ள சோடியமும், குளுக்கோசும் கை கோத்துக்கொண்டு உள்ளே போகும். அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும்.

காலரா நஞ்சு, உப்பு வெளியேறும் வாசலைத் திறந்துவிடுகிறது. உப்பு உள்ளே போகும் வழக்கமான வாசலை அடைத்துவிடுகிறது. ஆனால் இந்த மூன்றாவது வாசலை அது தொடுவது இல்லை! எவ்வளவு கடுமையான பேதி போனாலும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. சர்க்கரை இல்லாத உப்புத் தண்ணீர் ஏன் தோற்றது என்று இப்போது தெரிகிறது அல்லவா?

1968-ல் டாக்கா நகரில், டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள் காலரா ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தார்கள். இருவரும் 30 வயது கூட நிரம்பாத டாக்டர்கள். பேதியில் போவதை அளந்தார்கள். போன அளவுக்கு உப்பு-குளுக்கோஸ் நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். 29 நோயாளிகள். ஊசி வழியாக ஏற்றவேண்டிய சலைன், 100-க்கு 80 பங்கு குறைந்தது. சட்டர்ஜியிடம் இல்லை என்று சொன்ன கணக்கு, இப்போது கிடைத்துவிட்டது.

ஆனாலும் பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. "ஆராய்ச்சிக்கூடத்தில் சரி. அளந்து கொடுக்க டாக்டரும் நர்சும் இல்லாத இடத்தில் இது நடக்குமா?" என்றார்கள்.

3 ஆண்டுகள் கழித்து அதற்குப் பதில் வந்தது. யாரும் விரும்பாத வழியில் வந்தது.

வனகாவ் முகாம்

1971-ம் ஆண்டு. கிழக்குப் பாகிஸ்தானில் போர். இன்றைய வங்காளதேசம்தான் அது. சுமார் ஒரு கோடி ஜனங்கள் உயிருக்குப் பயந்து, எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் ஓடி வந்தார்கள்.

மேற்கு வங்காளத்தில், எல்லை ஓரத்தில் வனகாவ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே லட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்தார்கள். மழைக் காலம் வேறு. கால் வைக்கும் இடம் எல்லாம் சேறு. நல்ல தண்ணீர் இல்லை. காலரா வந்துவிட்டது.

கல்கத்தாவில் இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் அங்கே அனுப்பப்பட்டார். அவர் குழந்தைகள் டாக்டர். காலரா ஆராய்ச்சி செய்துகொண்டு இருந்தவர்.

வனகாவ் ஆஸ்பத்திரியில் அவர் கண்ட காட்சி கொடுமையானது. இரண்டு அறை நிறையக் காலரா நோயாளிகள். படுக்கை போதாமல் தரையில் கிடந்தார்கள். சலைன் ஏற்ற வேண்டுமானால், கழிவுக்கும் வாந்திக்கும் நடுவில் மண்டி போட்டு உட்காரவேண்டும். நோயாளிகளில் 100 பேருக்கு 30 பேர் செத்துக்கொண்டு இருந்தார்கள்.

இரண்டு வாரத்துக்குள் சலைன் கையிருப்பு தீரும் நிலைக்கு வந்துவிட்டது. வெளியில் நோயாளிகள் வரிசை மட்டும் குறையவில்லை.

டாக்டர் யோசித்தார். சலைன் இல்லை. ஆட்கள் இல்லை. மிச்சம் இருப்பது ஒரே வழி. உப்பு - சர்க்கரைத் தண்ணீர்!

கல்கத்தாவில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தின் நூலக அறை, மருந்துக்கூடம் ஆயிற்று. கடையில் குளுக்கோஸ் வாங்கினார்கள். சமையல் உப்பு வாங்கினார்கள். சோடா உப்பு வாங்கினார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்று கணக்கிட்டு எடை போட்டார்கள். பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். முகாமுக்கு அனுப்பினார்கள்.

முகாமில் பீப்பாய்களில் தண்ணீரை ஊற்றி, பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கினார்கள். பீப்பாயின் அடியில் ஒரு குழாய். நோயாளியின் சொந்தக்காரர்கள் குவளையில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுக்கவேண்டியது. நர்சு வேலையைத் தாயும், அக்காளும், பாட்டியும் செய்தார்கள்!

முதலில் நம்பிக்கை வரவில்லை. "சலைன் ஏற்றினால்தானே பிழைக்கலாம்? வெறும் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றுகிறார்களா?" என்று நினைத்தார்கள். டாக்டர் ஒரு தந்திரம் செய்தார். அதற்கு "வாயால் குடிக்கும் சலைன்" என்று பெயர் வைத்துவிட்டார். அதன் பிறகு மறுப்பு இல்லை. பொய்யும் இல்லை. அது சலைனேதான்!

அறவே நாடி விழுந்தவர்களுக்கு மட்டும், கையில் இருந்த சலைனை ஏற்றினார்கள். அவர்கள் கண் திறந்ததும், அவர்களுக்கும் குவளைதான்.

8 வாரங்களில் சுமார் 3,700 பேருக்கு இப்படி வைத்தியம் நடந்தது.

முடிவு என்ன தெரியுமா? 100-க்கு 30 பேர் செத்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது!

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் திமான் பரூவா, முகாமை நேரில் வந்து பார்த்தார். பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. போகும் இடம் எல்லாம் எடுத்துச் சொன்னார். கலக்கும் முறை, வங்காளதேச விடுதலைக்காரர்களின் ரகசிய வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று.

1978-ல், லண்டனில் இருந்து வரும் "லான்செட்" மருத்துவப் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றம் இதுவாகத்தான் இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. சட்டர்ஜியின் கட்டுரையை 25 ஆண்டுகளுக்கு முன்பு வெளியிட்ட அதே பத்திரிகை!

மகலனாபிஸ் 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம், 87-வது வயதில் காலமானார். மறு ஆண்டு மத்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது கொடுத்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்து இருக்கலாம்.

ஒரு சிட்டிகை, ஒரு கைப்பிடி

வங்காளதேசம் பிறந்த பிறகு, "பிராக்" என்ற தொண்டு நிறுவனம் ஒரு பெரிய காரியத்தில் இறங்கியது. நாட்டில் உள்ள தாய்மார்களுக்கு வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள். தராசு இல்லை. அளவு டம்ளர் இல்லை. ஆகவே கையையே அளவாக்கினார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு. ஒரு கைப்பிடி வெல்லம். அரைச் சேர் தண்ணீர். அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுத்த பெண்களுக்குச் சம்பளம் கொடுத்த விதம் வேடிக்கையானது. எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று பார்க்கவில்லை. சில வாரம் கழித்து வேறு ஒருவர் போய்த் தாயிடம் கேள்வி கேட்பார். தாய் எவ்வளவு சரியாகச் சொல்கிறாளோ, அதற்குத் தக்கபடி, கற்றுக்கொடுத்தவளுக்குப் பணம்! நம் பள்ளிக்கூடங்களில் இந்த முறை வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

ஆனாலும் ஒரு குறை தெரிந்தது. தாய்மார்கள் பாடத்தை ஒப்பிக்கிறார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் செய்து கொடுப்பது இல்லை! ஏன் என்று விசாரித்தார்கள். சொல்லிக்கொடுத்த பெண்களே இதை முழுதாக நம்பவில்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை தேடிப் போகிறார்கள் என்பது தெரிந்தது. உப்பும் சர்க்கரையும் எப்படி வேலை செய்கின்றன என்பதை அவர்களுக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னார்கள். ஆண்களையும் கூட்டி உட்காரவைத்துச் சொன்னார்கள். அதன் பிறகு நிலைமை மாறியது.

1980 முதல் 1990 வரை, ஒரு கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அவர்கள் போனார்கள்.

இந்தத் தண்ணீர் உலகம் முழுவதும் 5 கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றி இருக்கும் என்று கணக்கிட்டு இருக்கிறார்கள். அப்படியும், வயிற்றுப்போக்கால் 5 வயதுக்கு உட்பட்ட 4 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் ஆண்டுதோறும் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருந்து இல்லாமல் அல்ல. நேரத்தில் கொடுக்காமல்.

வீட்டில் செய்வது எப்படி?

இந்தப் பொடி, "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயரில் பொட்டலமாகக் கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். வீட்டில் இரண்டு பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பொட்டலத்தில் எழுதி இருப்பதை முதலில் படியுங்கள். சில பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சில பொட்டலம் 200 மில்லி தண்ணீருக்கு. முழுப் பொட்டலத்தையும், அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் ஒரே தடவையாகக் கலக்க வேண்டும். பாதிப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கண் அளவில் கலக்கக்கூடாது. கொதித்து ஆறிய தண்ணீர் சிறந்தது. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

பொட்டலம் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர். அதில் 6 டீஸ்பூன் சர்க்கரை. அரை டீஸ்பூன் உப்பு. கரண்டியில் கூம்பாக அள்ளாமல், தலை தட்டி அளக்க வேண்டும்.

இந்த அளவு மாறக்கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை கூடினாலும் கெடுதல்தான். அது தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, பேதியை அதிகமாக்கிவிடும். பாட்டிலில் வரும் சோடா, கலர், பழரசம் ஆகியவற்றைக் கொடுக்கக்கூடாது என்பது இதனால்தான். சர்க்கரை அதிகமாக உள்ள சில பானங்கள், "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயரைப் போட்டுக்கொண்டு கடைகளில் விற்று வந்தன. உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவையில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

நம் ஊர் அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுப்பதும் நல்லதுதான். அரிசி மாவுச்சத்து குடலில் கரைந்து குளுக்கோஸ் ஆகிறது. பிறகு உப்போடு ஜோடி சேர்ந்து அதே வாசல் வழியாகப் போகிறது. ஆக, பாட்டி கொடுத்த கஞ்சி சரியான மருந்து. உப்பைப் போட மறந்திருந்தால் மட்டும் அது பாதி மருந்து.

எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. பெரியவர்கள் வேண்டிய மட்டும் குடிக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பாட்டையும் நிறுத்தக்கூடாது.

ஒன்று சொல்லவேண்டும். இந்தத் தண்ணீரைக் கொடுத்தால் பேதி உடனே நிற்காது. ஒரு நாள், இரண்டு நாள் போய்க்கொண்டுதான் இருக்கும். "வேலை செய்யவில்லை" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பேதியை நிறுத்துவது இதன் வேலை அல்ல. உயிரை நிறுத்தி வைப்பதுதான் இதன் வேலை. பேதியைச் சீக்கிரம் குறைக்க, குழந்தைகளுக்கு 14 நாள் வரை துத்தநாக மாத்திரை கொடுப்பார்கள். அளவு, வயதுக்குத் தக்கபடி மாறும். டாக்டரையோ, சுகாதார நர்சையோ கேட்டுக் கொடுக்கவேண்டும்.

குழந்தை கண் சொருகிக் கிடந்தால், குடிக்க முடியாமல் போனால், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் கண்டால், வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகும் வழியிலும் வாயில் ஊற்றிக்கொண்டே போகலாம், குழந்தை விழித்து இருந்து விழுங்கினால்.

"கொடுத்தால் வாந்தி எடுக்கிறதே!" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். டம்ளரோடு வாயில் கவிழ்த்தால் வாந்திதான் வரும். 10 நிமிடம் பொறுங்கள். பிறகு ஒரு ஸ்பூன் கொடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன். நேரம் பிடிக்கும். கை வலிக்கும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால், மாறி மாறி உட்கார்ந்து கொடுக்கலாம்.